நேஷன்ஸ்டேட்ஸ் ரீஜனில் குடியுரிமை விதியைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டியவை

ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002-இல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸ், கற்பனை நாடுகளை நடத்தும் இணைய விளையாட்டு. அதில் ஒருவர் எத்தனை நாடுகளை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விளையாட்டுக்குள் ஐ.நா. சபை போல இயங்கும் வேர்ல்ட் அசெம்பிளியில் அவருக்கு ஒரு நாடுதான். நாடுகள் கூடி ரீஜன் ஆகின்றன. பெரிய ரீஜன்கள் தங்களுக்கென்று அரசியல் சட்டம், சட்டமன்றம், நீதிமன்றம் எல்லாம் அமைத்துக்கொண்டு, ஓட்டுப் போட விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை தருகின்றன. அப்போது கேட்கும் கேள்விதான் வெளிப்படுத்தல் விதி: வேறு எந்த ரீஜனில், எந்தப் பெயரில், என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள்?

இதைக் கேட்பதற்குக் காரணம் டெலிகேட் பதவி. ரீஜனுக்குள் இருக்கும் வேர்ல்ட் அசெம்பிளி நாடுகளிடம் அதிக எண்டோர்ஸ்மெண்ட், அதாவது ஆதரவு, பெறுபவரே டெலிகேட். கவர்னர் (முன்பு நிறுவனர் வகித்த தலைமைப் பொறுப்பு) இல்லாத ரீஜன்களில் மற்ற நாடுகளை வெளியேற்றும் அதிகாரமும் அவர் கையில் இருக்கும். மாதக்கணக்கில் நல்ல பிள்ளையாக இருந்து நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் ரீஜனையே கவிழ்ப்பவர்கள் உண்டு. விதி காக்க வேண்டியது இந்த ஒரு வாசலைத்தான். திருத்தம் எழுதுபவர்கள் முதலில் மறப்பதும் இதையே. நோக்கத்தை முதல் வரியில் எழுதாத விதி, பிறகு யாரையாவது பழிவாங்க உதவும் கருவியாகிவிடும்.

அடுத்து, சொற்கள். 'தன் எல்லா நாடுகளையும் தெரிவிக்க வேண்டும்' என்று எழுதுவது எளிது, கடைப்பிடிப்பது கடினம். விளையாட்டுக்குள் டிரேடிங் கார்டு சேகரிப்பவர்களிடம் நூற்றுக்கணக்கில் பப்பெட் நாடுகள், அதாவது முக்கிய நாட்டைத் தவிர வைத்திருக்கும் கூடுதல் நாடுகள், இருக்கும். அவர்களில் பலருக்கே முழுப் பட்டியல் நினைவிருக்காது. இன்னொரு சிக்கல்: 28 நாள் யாரும் உள்ளே வராவிட்டால் நாடு மறைந்துவிடும், விடுமுறை நிலையில் வைத்திருந்தால் 60 நாள். மறைந்ததை உரிமையாளர் மீண்டும் உயிர்ப்பிக்கலாம். அப்படியானால் மறைந்த நாடு கணக்கில் வருமா? விதி பேசாமல் இருந்தால் நீதிமன்றம் பேச வேண்டி வரும். 'வேறு ரீஜனில் குடியுரிமையோ அரசுப் பதவியோ ராணுவப் பொறுப்போ வகிக்கும் அடையாளங்கள், கடந்த ஆறு மாதத்தில் வகித்தவை உட்பட' என்று எழுதிப் பாருங்கள். தேவையில்லாத பப்பெட்டுகள் தானாக உதிர்ந்துவிடும்.

நிஜ வாழ்க்கைக்குள் போவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உண்மைப் பெயர், ஊர், வயது எதையும் விதி கேட்கக் கூடாது. இங்கே விளையாடுபவர்களில் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள். ஐபி முகவரி ஒன்றாக இருப்பதே ஒருவர் இரண்டு பெயரில் வந்திருப்பதற்கு ஆதாரம் என்று எழுதுவதும் தவறுதான். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டு வைஃபையில் விளையாடுவார்கள், ஹாஸ்டல் நண்பர்களும் அப்படியே. ஒரே ஆள் வேர்ல்ட் அசெம்பிளியில் இரண்டு நாடு வைத்திருக்கிறார் என்ற சந்தேகமா? அதை விளையாட்டின் மாடரேட்டர்களிடம் விடுங்கள். விசாரிக்கும் வசதி அவர்களிடம்தான் இருக்கிறது.

சரி, சொன்னதை யார் பார்ப்பது? எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால், பிற ரீஜன்களைக் கைப்பற்றும் ரெய்டர் படைக்குள், அதைத் தடுக்க வேவு பார்க்கும் டிஃபெண்டர் ஒருவர் அன்றே அம்பலமாவார். இரண்டு மூன்று அதிகாரிகளுக்கு மட்டும் என்றால், அவர்களைக் கண்காணிப்பவர் யார் என்ற கேள்வி எழும். சாதாரணக் குடிமக்கள் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொன்னால் போதும். பதவிக்குப் போட்டியிடுபவரும் அந்த அதிகாரிகளும் ஊரறியச் சொல்லட்டும். அதிகாரம் கேட்பவரிடம் கூடுதலாகக் கேட்பதில் அநியாயம் எதுவுமில்லை.

சேரும்போது ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடுவதும் பல இடங்களில் நடக்கிறது. அடுத்த மாதம் அவர் வேறு ரீஜனில் அமைச்சராகலாமே? மாற்றம் வந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற வரி கட்டாயம் வேண்டும். அதோடு விண்ணப்பப் படிவத்தையும் உறுதிமொழியையும் சேர்த்துத் திருத்துங்கள். சட்டம் ஒன்றைக் கேட்டு, படிவம் வேறொன்றைக் கேட்டால், தெரிவிக்காதவர் மேல் போடும் வழக்கு நிற்காது.

அப்புறம், பழைய குடிமக்கள். புதிய விதியைப் பின்தேதியிட்டு, 'நீ அன்றைக்கே சொல்லவில்லை' என்று யாரையும் நீக்காதீர்கள். எல்லோருக்கும் டெலிகிராம் (விளையாட்டுக்குள் அனுப்பும் செய்தி) அனுப்பி, ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். தவறியவருக்கு முதலில் எச்சரிக்கை, பிறகு ஓட்டுரிமை நிறுத்தம், வேண்டுமென்றே மறைத்தார் என்று நீதிமன்றம் கண்டால் மட்டும் நீக்கம். தேர்தல் அறிவித்த பிறகு இந்தத் திருத்தத்தை ஓட்டுக்கு விடாதீர்கள். எவ்வளவு நேர்மையாக எழுதியிருந்தாலும், யாரோ ஒரு வேட்பாளரைக் குறிவைத்ததாகத்தான் பேசுவார்கள்.