டூயல் எனர்ஜி சி.டி.: கேள்வியில் தொடங்கி வண்ணப் படம் வரை

அயோடின் கலந்த ரத்தமும் லேசாகச் சுண்ணாம்பு படிந்த திசுவும் வழக்கமான சி.டி.யில் ஒரே வெண்மையாகத் தெரியலாம். கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கலாம். அதே இடத்தை இரண்டு வேறு எக்ஸ்ரே ஆற்றல்களில் படமெடுத்தால் இரண்டும் பிரிந்துவிடும். டூயல் எனர்ஜி எனப்படும் இந்த வழியை, சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு 1973லேயே எழுதியிருந்தார். 2006இல் இரட்டைக் குழாய் ஸ்கேனர் வந்த பிறகுதான் அது அன்றாட மருத்துவத்துக்குள் நுழைந்தது.

அடிப்படை இதுதான்: கால்சியம், அயோடின் போன்ற கனமான தனிமங்கள் குறைந்த ஆற்றல் கதிரை மிகுதியாக உறிஞ்சும். அதனால் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் 140 கிலோவோல்ட்டிலிருந்து 80க்கு இறங்கும்போது அவற்றின் எண் தாவி ஏறும். தண்ணீர், தசை, யூரிக் அமிலம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்காது.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

"இந்தக் கல் யூரிக் அமிலமா?", "மூளையில் தெரியும் வெண்மை ரத்தமா, காண்ட்ராஸ்ட் மருந்தா (ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய ஏற்றும் அயோடின் மருந்து)?" என்ற அளவுக்குக் கேள்வி திட்டமாக இருக்க வேண்டும். மென்பொருள் தன்னிடம் உள்ள பொருள் பட்டியலிலிருந்துதான் நிறம் தீட்டும். பட்டியலில் இல்லாத பொருள் வந்தாலும் ஏதோ ஒரு நிறத்தைக் கொடுத்துவிடும். "தெரியவில்லை" என்று சொல்லாது. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 2: உங்கள் ஸ்கேனரின் வகையை அறியுங்கள்

இரட்டைக் குழாய், வோல்ட்டேஜை நொடிக்குள் பலமுறை மாற்றும் ஒற்றைக் குழாய், இரண்டு அடுக்கு டிடெக்டர் (உடலைக் கடந்து வரும் கதிரை அளக்கும் பகுதி) ஆகியவை பரவலாக உள்ளவை. இரட்டைக் குழாய்க் கருவியில் இரண்டாவது டிடெக்டரின் பார்வைப் பரப்பு சிறியது. பருமனான நோயாளியின் உடல் விளிம்பு அதற்கு வெளியே போய்விடும். தேவையான உறுப்பு நடுவில் வரும்படி படுக்க வையுங்கள். பெரிய உடலுக்கு 80 கிலோவோல்ட் போதாது, படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், 100க்கு மாறுங்கள். இரண்டு அடுக்கு டிடெக்டரில் ஆற்றல் பிரிப்பு டிடெக்டரிலேயே நடப்பதால் முன்கூட்டியே திட்டமிடாவிட்டாலும் தரவு கிடைக்கும்.

படி 3: சிறுநீரகக் கல்

காண்ட்ராஸ்ட் மருந்து கொடுக்காதீர்கள்; சிறுநீரில் இறங்கிய அயோடின் கல்லை மறைத்துவிடும். முதலில் குறைந்த கதிர் அளவில் வயிறு முழுவதும் சாதாரண ஸ்கேன். கல் தென்பட்டால் அந்த இடத்துக்கு மட்டும் டூயல் எனர்ஜி. இப்படிச் செய்தால் கதிர் அளவு கட்டுக்குள் இருக்கும்.

பிறகு இரண்டு மின்னழுத்தங்களிலும் கல்லுக்குக் கிடைத்த ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களின் விகிதம் பாருங்கள். 80இல் 450, 140இல் 430 என்றால் விகிதம் ஏறத்தாழ 1.05, யூரிக் அமிலத்தின் போக்கு இது. 1300க்கு 800 என்றால் 1.6, அது கால்சியம். சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தாலான கல் இடையில் நிற்கும். எல்லைக்கோடு கருவிக்குக் கருவி மாறும் என்பதால் உங்கள் கருவிக்கான அளவையே பயன்படுத்துங்கள். சுமார் 3 மில்லிமீட்டருக்குக் கீழான கல்லில் விகிதத்தை நம்ப வேண்டாம். சுற்றியுள்ள திசுவும் கணக்கில் கலந்துவிடும்.

இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. யூரிக் அமிலக் கல் என்று உறுதியானால் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் காரத்தன்மையை உயர்த்திக் கரைக்க முயலலாம். பலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படாது. கால்சியம் ஆக்சலேட் கல் அப்படிக் கரையாது.

படி 4: கவுட்

யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட், படிகமாக மூட்டுகளில் படிந்து வலி தரும் நோய் கவுட். வலிக்கும் மூட்டை மட்டும் எடுக்காமல் இரண்டு பாதங்களையும் கணுக்கால்களையும், தேவைப்பட்டால் முழங்கால்களையும் சேர்த்து எடுங்கள். அசைவு துளியும் கூடாது. கால்களைப் பட்டையால் கட்டி நிறுத்துங்கள். பல மென்பொருள்களில் யூரேட் பச்சையாகவும் கால்சியம் நீலமாகவும் வரும்.

பச்சை தெரிந்தவுடன் கவுட் என்று எழுதிவிடாதீர்கள். நகத்தடி, குதிகாலின் தடித்த தோல், உலோகத்தின் அருகு, அசைந்த விளிம்பு ஆகிய இடங்களில் போலிப் பச்சை வரும். சாம்பல் நிற மூலப் படத்தில் அதே இடத்தில் அடர்த்தியான படிவு தெரிகிறதா, அது மூட்டிலோ தசைநாணிலோ இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முதல் தாக்குதலின் ஆரம்ப வாரங்களில் படிவு மிகச் சிறியது, படம் சுத்தமாக இருக்கலாம். அப்போது மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் படிகம் தேடுவதே சரி. 2015இல் வெளியான கவுட் வகைப்பாட்டு அளவுகோலில் இந்த ஸ்கேனில் தெரியும் யூரேட்டுக்கு 4 புள்ளிகள். கவுட் என வகைப்படுத்த மொத்தம் 8 வேண்டும்.

படி 5: அயோடின் படம்

அயோடின் எங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பிரித்துக் காட்டுவது அயோடின் படம். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பில், அடைப்புக்கு அப்பால் ஆப்பு வடிவத்தில் அயோடின் இல்லாத பகுதி தெரியும். மேற்பெருஞ்சிரையில் தேங்கிய அடர்த்தியான மருந்து கோடுகளை இழுத்துப் போலிக் குறையை உண்டாக்கும். மருந்துக்குப் பின் சலைன் (உப்புநீர்) செலுத்தினால் இது குறையும். நுரையீரலின் காற்றறைகள் சிதையும் எம்பைசீமாவிலும் அயோடின் குறையும் என்பதால் நுரையீரல் ஜன்னலில் (நுரையீரல் திசு தெளிவாகத் தெரியும் பட அமைப்பில்) சரிபார்க்காமல் எழுதக் கூடாது.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியை இழுத்தெடுத்த பிறகு மூளையில் வெண்மை தெரிந்தால், அயோடினைக் கழித்த படத்தைத் திறந்து பாருங்கள். வெண்மை மறைந்தால் அது கசிந்த மருந்து. நிலைத்தால் ரத்தக்கசிவு என்று கருத வேண்டும், பழைய கால்சியம் படிவாக இல்லாத பட்சத்தில். கழித்த படத்தில் சிறு கற்களும் மெல்லிய கால்சியமும் சேர்ந்தே அழிந்துபோகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 6: ஆற்றலை நகர்த்திப் பாருங்கள்

ஒரே ஆற்றல் கதிரில் எடுத்ததுபோல மென்பொருள் கணக்கிட்டுத் தரும் ஒற்றை ஆற்றல் படத்தில் 40 முதல் 55 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை அயோடின் பளிச்சிடும்; மருந்து சரியாக ஏறாத ஸ்கேனைக்கூட இது பல நேரம் காப்பாற்றும். 110 முதல் 140 வரை, உடலில் உள்ள உலோகத்தால் படத்தில் விழும் கோடுகள் மங்கும். கதிரே ஊடுருவாத கனமான உலோகத்தில் இது உதவாது.

படி 7: சேமிப்பு

குறைந்த ஆற்றல், உயர்ந்த ஆற்றல், கலப்பு என மூன்று தொடர்களையும் காப்பகத்துக்கு அனுப்புங்கள். வண்ணப் படத்தை மட்டும் அனுப்பினால் பின்னர் யாரும் விகிதத்தை அளக்க முடியாது. கருவியில் உள்ள மூலத் தரவும் இடமில்லாமல் விரைவில் அழிக்கப்பட்டுவிடும்.