அமெரிக்காவில் மறுநுழைவுக் குற்றத் தண்டனை: மேல்முறையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலிருந்து ஒருமுறை நாடுகடத்தப்பட்டவர் அனுமதி வாங்காமல் திரும்பி வந்து பிடிபட்டால், அது வெறும் விசா பிரச்சினை இல்லை, ஃபெடரல் கிரிமினல் வழக்கு. சட்டத் தொகுப்பு 8, பிரிவு 1326. சாதாரணமாக 2 ஆண்டு வரை சிறை. நாடுகடத்தப்படும் முன்பே வேறு குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால், அதன் வகையைப் பொறுத்து 10 அல்லது 20 ஆண்டு வரை போகும். தண்டனை வந்ததும் "அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போதே கெடு ஓட ஆரம்பித்திருக்கும்.

கெடு 14 நாள்தான். தீர்ப்பு நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து கணக்கு. குடிவரவு வழக்கின் மேல்முறையீட்டோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அதற்குப் படிவம் வேறு, கெடு வேறு, போய்ச் சேரும் இடமும் வேறு. இங்கே மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்வது, தண்டனை கொடுத்த அதே மாவட்ட நீதிமன்றத்தில். ஒரு பக்கம் போதும், வாதமெல்லாம் அப்புறம். சிறையில் இருப்பவர் கடைசி நாளுக்குள் சிறையின் அஞ்சல் வழியாக முறைப்படி அனுப்பிவிட்டால் அது கணக்கில் சேரும். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள் வரை நீதிபதி தரலாம். அதை நம்பி உட்காரக் கூடாது.

வக்கீலிடம் வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிவிட்டு வருவது அடுத்த தவறு. தேதி போட்டு, எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீட்டு உரிமையைக் கைவிடுவதாகக் கையெழுத்துப் போட்டவராகவே இருந்தாலும், அவர் கேட்டுக்கொண்ட பிறகும் வக்கீல் அறிவிப்பைத் தாக்கல் செய்யாமல் விட்டால் அது வக்கீலின் குறைபாடுதான் என்று 2019-இல் கார்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேட்டுக்கொண்டதற்குச் சாட்சி வேண்டுமே? அந்தத் துண்டுக் காகிதம்தான் சாட்சி.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல முடியாது. புதுச் சாட்சி கிடையாது. குழந்தைகள் இங்கே பிறந்தவை, இத்தனை வருஷம் வரி கட்டினேன் என்பதெல்லாம் தண்டனை அளவைக் குறைக்கக் கீழ் நீதிமன்றத்தில் உதவலாம். மேலே பார்ப்பது, பதிவில் உள்ளதில் சட்டப் பிழை இருக்கிறதா என்பதைத்தான்.

பலர் சறுக்குவது, இந்த வழக்குக்கே அடிப்படையான பழைய நாடுகடத்தல் உத்தரவில்தான். 1984-இல் டென்வரில் 13 பேரை ஒன்றாக உட்காரவைத்து ஒரே விசாரணையில் நாடுகடத்தினார்கள். என்ன உரிமையைக் கைவிடுகிறோம் என்று தெரியாமலே அவர்களில் இருவர் மேல்முறையீட்டைக் கைவிட்டார்கள். அந்த இருவரும் திரும்பி வந்து பிடிபட்ட வழக்கில், 1987-இல், அப்படிப்பட்ட உத்தரவைக் கிரிமினல் வழக்கில் எதிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் நாடாளுமன்றம் அதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தது: நிர்வாக மட்டத்தில் இருந்த வழிகளையெல்லாம் முயன்றிருக்க வேண்டும், நீதிமன்ற மறுபரிசீலனைக்கான வாய்ப்பு முறைகேடாக மறுக்கப்பட்டிருக்க வேண்டும், உத்தரவு அடிப்படையிலேயே அநியாயமாக இருக்க வேண்டும்.

"உத்தரவே தப்பு, அது போதாதா?" என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். போதாது. பாலோமார் சான்டியாகோ என்பவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக 1998-இல் நாடுகடத்தப்பட்டார். அந்தக் குற்றத்துக்காக அப்படி அனுப்ப முடியாது என்பது 2004-இல் வேறொரு வழக்கில் தெளிவானது. இருந்தும் 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: மூன்றும் கட்டாயம். என் கணக்கில் இது கடுமையான தீர்ப்பு. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

பழைய உத்தரவை எதிர்க்கும் இந்த வாதத்தை விசாரணைக்கு முன்பே மனுவாக வைக்க வேண்டும். மனு தள்ளுபடியானதும் அலுத்துப்போய், நிபந்தனை ஏதும் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டால் கதவு பெரும்பாலும் மூடிவிடும். அந்த ஒரு விஷயத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையை எழுத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும் முறையும் உண்டு. அதற்கு அரசுத் தரப்பும் நீதிபதியும் சம்மதிக்க வேண்டும். சீக்கிரம் முடித்துத் தண்டனையைக் குறைக்கும் ஒப்பந்தங்களில் மேல்முறையீட்டைக் கைவிடும் வரி அடிக்கடி வரும். உங்கள் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: சின்ன வயதில் கிரீன் கார்டோடு வந்து வளர்ந்தவரா, 18 வயதாகும் முன் அப்பாவோ அம்மாவோ அமெரிக்கக் குடிமகன் ஆனார்களா? சில சூழல்களில் பிள்ளைக்கும் குடியுரிமை தானாகவே வந்திருக்கும். குடிமகன் மீது 1326 பாயாது.

வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். குடிவரவு நீதிமன்றம் போல இல்லாமல் இங்கே வசதியில்லாதவருக்கு மேல்முறையீட்டிலும் அரசு செலவில் வக்கீல் உண்டு. படிவம் நிரப்பித் தரும் ஏஜென்டிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

தண்டனைக் காலம் முடிந்து, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கும். வழக்கைப் பார்க்க வேண்டுமே என்று மறுபடி எல்லை தாண்டாதீர்கள். மேல்முறையீடு நிலுவையில் இருப்பது நுழைவு அனுமதி ஆகாது. பிடிபட்டால் இன்னொரு 1326 வழக்கு வரும்.