மேடையில் ஸ்லைடு சொதப்பாமல் இருக்க

போன மாதம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பேச எழுந்தேன். திரையில் என் தலைப்பைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாக ஏதோ நின்றது. முன்வரிசையில் ஒரு மாணவர், "சார், இது எந்த மொழி?" என்றார். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கிற முறை இது. பவர்பாயின்டில் ஸ்லைடு செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எழுத்துரு

என்னைக் கவிழ்த்தது இதுதான். என் பழைய ஸ்லைடுகள் பாமினியில் தட்டியவை. பாமினி போன்றவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த எழுத்துருக்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். நான் பென் டிரைவில் கோப்பை மட்டும்தான் கொண்டுபோயிருந்தேன்.

பழைய கோப்பு இருந்தால் முதல் வேலையாக, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உள்ள யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். நான் பயன்படுத்துவது என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள். மாற்றியபின் எழுத்துருவை நிர்மலா யூஐ என்று வையுங்கள். பார்க்கக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் விண்டோஸ் 8 முதல் கூடவே வருவதால் போகிற இடத்திலும் இருக்கும்.

இல்லை, அழகான எழுத்துருதான் வேண்டும் என்றால்: ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ். அங்கே கீழே 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்று இருப்பதை டிக் செய்யுங்கள். அதற்கடியில் இரண்டு தேர்வுகள் வரும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர்ப்பது முதலாவது. கோப்பு சிறிதாக இருக்கும், ஆனால் அரங்கத்துக் கணினியில் ஒரு பெயரைத் திருத்த வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாவதையே எடுங்கள்.

அப்புறம், ஒரு பிடிஎஃப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். அசைவும் வீடியோவும் அதில் ஓடாது, எழுத்து மட்டும் அப்படியே நிற்கும்.

படி 2: கேபிள்

பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ மட்டும் இருக்கலாம். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று என் பையிலேயே கிடக்கிறது. விஜிஏ கேபிளில் ஒலி போகாது. எச்டிஎம்ஐயில் வேறு கூத்து: ஒலி சில நேரம் புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குப் போய்விடும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி வெளியீட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: குறிப்பு உங்களுக்கு, ஸ்லைடு அவர்களுக்கு

விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்லைடு ஷோ பட்டையில் 'யூஸ் பிரசென்டர் வியூ' டிக் ஆகியிருக்க வேண்டும். ஒருமுறை திரைகள் இடம் மாறி, 'இங்கே தண்ணீர் குடிக்கவும்' என்ற என் குறிப்பை அரங்கமே படித்தது. அப்படி நடந்தால், மேலே உள்ள 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' போய் 'ஸ்வாப்' கொடுத்தால் போதும். வீட்டில் ஒரே திரையில் பழக ஆல்ட்டும் எஃப்5-உம்.

படி 4: மூன்று விசைகள்

ஷிஃப்ட்டோடு எஃப்5 அழுத்தினால் இருக்கிற ஸ்லைடிலிருந்தே தொடங்கும். பி (B) அழுத்தினால் திரை கறுக்கும், கூட்டம் உங்களைப் பார்க்கும்; மறுபடி பி, ஸ்லைடு திரும்பும். கேள்வி நேரத்தில் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் அந்த ஸ்லைடுக்கே தாவும். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே பதினைந்து ஸ்லைடு பின்னால் ஓட்ட வேண்டாம். எண்கள் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

கிளிக்கர் (கையில் வைத்தே ஸ்லைடு மாற்றும் கருவி) வாங்குவதாக இருந்தால், கணினியில் செருகும் குட்டி யூஎஸ்பி டாங்கிளோடு வரும் வகையே வாங்குங்கள். மேடையில் நின்றுகொண்டு புளூடூத் இணைக்கும் பொறுமை எனக்கு இல்லை.

பின்சேர்க்கை: டிக் செய்தும் எழுத்துரு சேரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். சில எழுத்துருக்களின் உரிமம் கோப்புக்குள் சேர்க்க அனுமதிக்காது. அப்போது தலைப்பை மட்டும் படமாக்குங்கள்: தலைப்புப் பெட்டியை வெட்டி, 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாகப் பிஎன்ஜியாக ஒட்டுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே சேமித்துவிட்டுச் செய்யுங்கள். நான் சேமிக்காமல் செய்துவிட்டு மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும் தட்டினேன்.