ஈரம் காயும் வீடும் ஊர் பழகும் குடும்பமும்: லண்டனில் புதுப்பித்த வீட்டில் முதல் ஓராண்டு

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, வால்தம்ஸ்டோ பக்கம் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் அமைவது நூறாண்டு கடந்த செங்கல் வரிசை வீடுதான். விக்டோரியா அரசியின் காலத்திலோ அதற்கு அடுத்த எட்வர்டின் காலத்திலோ, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு தெரு நெடுகக் கட்டப்பட்டவை அவை. பழைய சுவர்த்தாளை உரித்து, சமையலறையைப் பின்பக்கம் நீட்டி, கூரைக்கடியில் ஓர் அறை எடுத்து முடித்த பில்டர் சாவியைக் கையில் கொடுக்கும் நாளில், வேலை தீர்ந்தது என்றே எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வீடு காய்ந்து அடங்கி ஒரு நிலைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கிறது. குடும்பம் ஊருக்குப் பழகவும் அவ்வளவு காலம் ஆகிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதே என் அனுபவம். வீட்டில் ஆள் இருக்கக் கூடாத நாள்களை ஊர் சுற்றும் நாள்களாக வைத்துக்கொண்டால், தரை மெருகும் பிள்ளைகளின் பொறுமையும் ஒருசேரத் தப்பிக்கும்.

குடிபுகும் அன்று பால் காய்ச்சுவதற்கு முன்பே மூன்று இடங்களைப் பெரியவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரை அடைக்கும் ஸ்டாப்காக் ஒன்று. அது வழக்கமாகச் சமையலறைத் தொட்டிக்குக் கீழேயோ மாடிப்படிக்கு அடியிலோ இருக்கும், வலப்பக்கம் திருகினால் மூடிக்கொள்ளும். மற்றவை மின்சார ஃபியூஸ் பெட்டியும், கேஸ் மீட்டருக்குப் பக்கத்தில் கேஸை அடைக்க இருக்கும் கைப்பிடியும். புதுப்பிக்கும்போது இவற்றின் மேல் அலமாரி கட்டி மறைத்துவிடுவது சாதாரணமாக நடப்பதால், பில்டர் நிற்கும்போதே ஒருமுறை மூடித் திறந்து காட்டச் சொல்லுங்கள். மின்சாரம், கேஸ், தண்ணீர் மீட்டர்களின் எண்களை அன்றைய தேதியோடு படம் எடுத்து வைத்தால், முந்தைய ஆளின் கட்டணம் உங்கள் தலையில் விழாது. கேஸ் வாடை வந்தால் 0800 111 999 என்ற எண்ணையும், தெருவில் மின்சாரம் போனால் 105 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

பால் காய்ச்சுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் வீட்டில் பால் பொங்குவதற்கு முன் அலாரம் பொங்கிவிட்டது; சாம்பிராணி போட்டதுதான் காரணம். கூடத்திலும் மாடிப்படியிலும் புகையை உணரும் கருவியும், சமையலறையில் வெப்பத்தை உணரும் கருவியும் இருப்பதே சரியான அமைப்பு. சமையலறையிலும் புகைக் கருவியையே மாட்டியிருந்தால், தாளிக்கும் ஒவ்வொரு முறையும் அது அலறும். எரிச்சலில் யாராவது அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. ஆகையால் கருவியை மாற்றச் சொல்லுங்கள். சாம்பிராணியைத் தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்து, வாசற்படிக்கு வெளியே காட்டிக்கொள்ளலாம். கேஸில் தண்ணீரைச் சூடாக்கும் பாயிலர் உள்ள வீட்டில், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை உணரும் கருவியும் கட்டாயம் இருக்கட்டும். கூரைக்கடியில் அறை எடுத்த வீட்டில் மாடிப்படியைச் சுற்றியுள்ள கதவுகள் அரைமணி நேரம் தீயைத் தாங்கும் வகையைச் சேர்ந்தவை. அவை கனமாக இருக்கின்றன என்று மாற்றவோ, மரத்தைச் செதுக்கி மெலிதாக்கவோ கூடாது.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டட ஒழுங்கு அலுவலகம் தரும் பணி நிறைவுச் சான்றிதழ், மின் வேலைக்கான சான்றிதழ், கேஸ் வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் பாயிலரைப் பொருத்தியதற்கான சான்று ஆகிய மூன்றும் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பவை இவைதாம். ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதத்தை நிறுத்திவைத்து, பாதியை வேலை முடிந்ததும் மீதியை, பில்டர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம் கழிந்ததும் தருவது இத்தொழிலில் பரவலான வழக்கம். ஆனால் அது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். வீடு பெரிதானதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் மறக்கக் கூடாதது. காப்பீட்டுத் தொகையை வீட்டின் சந்தை விலையை வைத்துக் கணக்கிடுவதில்லை, அதைத் திரும்பக் கட்ட ஆகும் செலவை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

இனி ஈரத்துக்கு வருவோம். புதுப்பித்த வீட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இதிலிருந்துதான் பிறக்கிறது. புதிதாகப் பூசிய ஜிப்சம் பூச்சு ஈரமாக இருக்கையில் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும், காய்ந்த பின் சீராக வெளிறியும் காணப்படும். ஒரு மூலையில் கருத்த திட்டு தெரிந்தாலும் பெயின்ட் பூசக் கூடாது. பெயின்ட்டின் முதல் பூச்சுக்கு, சுவர் பெயின்ட்டான எமல்ஷனைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் ஜிப்சம் பூச்சு அதன் நீரைச் சட்டென்று உறிஞ்சிவிட, பெயின்ட் சரியாகப் பிடிக்காமல் சில மாதங்களில் தோலாக உரிந்து வரும். சீக்கிரம் காயட்டும் என்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை முழு வேகத்தில் வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் பூச்சு வெடிக்கும், புது மரத்தரை சுருங்கிப் பலகைகளுக்கு இடையே கோடு விழும். 18 டிகிரி போல மிதமான சூட்டை வைத்துக்கொண்டு, எதிரெதிர் ஜன்னல்களைக் காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் திறந்துவிட்டால் போதும்.

இந்தப் பழைய வீடுகளின் வெளிச்சுவர் ஒன்பது அங்குலத் திடச் செங்கல். பிற்கால வீடுகளில் இருப்பதைப் போல இரண்டு அடுக்குகளுக்கு நடுவே காற்றிடைவெளி கிடையாது. ஆகவே குளிர்காலத்தில் சுவரின் உட்பக்கம் சில்லென்றிருக்கும், அறையின் ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கும், வியர்த்த இடத்தில் கருநிறப் பூஞ்சை படரும். தரைமட்டத்துக்குச் சற்று மேலே வெளிச்சுவரில் துளைகளுள்ள செங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். மரத்தரைக்குக் கீழே காற்றோட்டம் தருபவை அவை. குளிர் வருகிறதென்று அவற்றை அடைத்தால் தரைக்கடியில் உள்ள உத்தரங்கள் உளுத்துப்போகும். புதிதாகக் கல் பாவும்போது தோட்டத்து மட்டம் உயர்ந்து அவற்றை மூடிவிடுவதும் உண்டு என்பதால் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து எண்ணிப் பாருங்கள். துணி அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. அதில் 40 முதல் 60 சதவீதத்துக்குள் எண் நிற்கும்வரை கவலை இல்லை. ரேடியேட்டரின் மேல் துணி காயப்போடும் நாளில் அந்த எண் எங்கே ஏறுகிறது என்று பிள்ளைகளிடம் காட்டினால், அடுத்த முறை அவர்களே ஜன்னலைத் திறப்பார்கள்.

சுவரில் மயிரிழை விரிசல்கள் கட்டாயம் வரும். பூச்சு உலர்வதாலும், புதிதாகக் கட்டிய பகுதி பழைய பகுதியோடு பொருந்தி அடங்குவதாலும் அவை தோன்றுகின்றன. பென்சிலால் இரு முனைகளையும் குறித்துத் தேதி எழுதி வைத்து, நீள்கிறதா என்று பாருங்கள். லண்டனின் அடிமண் பெரும்பகுதி களிமண். கோடையில் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும், பெரிய மரம் அருகில் இருந்தால் அதன் வேர் குடிக்கும் தண்ணீரால் இன்னும் அதிகமாகச் சுருங்கும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசலோ, கூடவே கதவு ஜன்னல்கள் பிடித்துக்கொள்வதோ தெரிந்தால் பொறியாளரை அழைக்க வேண்டும். மற்றவற்றை ஓராண்டு விட்டுவிட்டு மொத்தமாகப் பூசுவதே சிக்கனம்.

சமையலறை நம்மவர்க்கென்று வடிவமைக்கப்படுவதில்லை என்பதால் சிலவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அடுப்பின் மேல் உள்ள உறிஞ்சி காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை தாளிப்பு வாடைக்கும் இட்லி ஆவிக்கும் ஈடுகொடுக்காது. ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கும் அதே 230 வோல்ட்டில் ஓடும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். இங்குள்ள பிளக்குக்குள் ஃபியூஸ் இருப்பதால், மோட்டார் உள்ள அவற்றுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸைப் போடாமல் 13 ஆம்பியர் ஃபியூஸைப் போட வேண்டும். வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையில் மஞ்சள் சிந்தினால் அப்போதே துடையுங்கள், இரவு தங்கினால் கறை போகாது. பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றுவது பெரிய குற்றம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் ஒயிட்சாப்பல் தெருவுக்கடியில் உறைந்த கொழுப்பும் ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்குச் சாக்கடையை அடைத்திருந்தன, எடை 130 டன். அதன் ஒரு துண்டை அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள். ஆறிய எண்ணெயைப் பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடலாம். லண்டன் தண்ணீர் கடினமானது. கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டும், அதை எலுமிச்சையோ வினிகரோ ஊற்றிக் கொதிக்கவிட்டு எடுக்கலாம்.

வெளியே போகும் நாள்களை மேற்கண்ட வேலைகளோடு பொருத்துவது எப்படி என்று பார்ப்போம். மரத்தரைக்கு மெருகு பூசும் நாளில் அதன் வாடையிலிருந்தும் பிள்ளைகளின் காலடியிலிருந்தும் இரு தரப்பையும் காக்க, முழுப் பகல் வெளியே கழிய வேண்டும். அதற்குக் கடலோர ஊரான சவுத்எண்ட் சரியான தூரம்: டிஸ்ட்ரிக்ட் தடத்தின் நிலத்தடி ரயிலில் பார்கிங் நிலையம் சென்று அங்கிருந்து கடற்கரை ரயிலைப் பிடிக்கலாம். அங்குள்ள கடற்பாலம் 2.14 கிலோமீட்டர் நீளம். உலகிலேயே நீளமான உல்லாசக் கடற்பாலம் அது, அதன் மேல் சிறு ரயிலும் ஓடுகிறது. கடல் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது தேம்ஸின் முகத்துவாரம், நீர் வற்றும் வேளையில் கண்ணெட்டியவரை சேறுதான் தெரியும். ஆகவே நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மெரினாவை எதிர்பார்த்துப் போன என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மின்சாரத்தை நான்கு மணி நேரம் நிறுத்தும் நாளுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். தேம்ஸைக் கடக்கும் ஊலிச் படகு 1889 முதல் கட்டணமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கார்களும் லாரிகளும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அக்கரை போய், 1912-இல் திறந்த நடைச் சுரங்கத்தின் வழியாக ஆற்றுக்கடியில் நடந்து திரும்பினால் சிறு பிள்ளைகளுக்கு அது ஒரு பெரும் பயணம். மழை நாளென்றால் பெத்னல் கிரீனில் பிள்ளைகளுக்கென்றே 2023-இல் புதுக்கோலத்தில் திறந்த யங் வி அண்ட் ஏ அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் அப்படியே இலவசம். வீட்டில் தூசி தாங்காத ஞாயிற்றுக்கிழமைக்கு எப்பிங் காடு. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுமக்களுக்கென்று காக்கப்பட்ட அந்தக் காட்டின் ஓரத்தில், சிங்ஃபோர்டு நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், எட்டாம் ஹென்றி 1543-இல் கட்டுவித்த வேட்டை மாளிகை நிற்கிறது. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால் உணவுச் செலவும் இல்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர்வரை, கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு லண்டன் நிலத்தடி ரயிலில் இலவசமாகப் போகலாம். சவுத்எண்ட் போன்ற இடங்களுக்குப் போகும் ரயில்களுக்குக் குடும்பங்களுக்கான ரயில் அட்டை ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறைகிறது. வாரநாள் காலை நெரிசல் நேரத்தில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. எப்படியும் நாம் அந்த நேரத்தில் கிளம்பப் போவதில்லை.

இடையே செய்ய வேண்டிய பதிவுகள் சில. குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிய முகவரிச் சான்று சட்டப்படி கட்டாயமில்லை. கேட்டால் அமைதியாக அதை எடுத்துச் சொல்லலாம். பிள்ளை முதன்முதலாகப் பள்ளியில் சேர விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15, இடைநிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31. இரு பக்கத்து அண்டை வீட்டாருக்கும் மாதக்கணக்கில் உங்கள் துளைப்பான் சத்தத்தைக் கேட்ட களைப்பு இருக்கும்; ஒரு டப்பா முறுக்கோடு போய்க் கதவைத் தட்டுவது எந்தக் கடிதத்தையும் விட மேல். குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்ற உண்மையும் அவர்களிடம்தான் கிடைக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு நாடெங்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பதற்குள் ரேடியேட்டர்களின் மேல்முனையில் சாவி போட்டுக் காற்றை வெளியேற்றி, பாயிலரின் அழுத்தம் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துக் குழாய்க்குப் போகும் தண்ணீரை உள்ளே அடைத்து, குழாயைத் திறந்துவிடுங்கள்; உறைந்தால் வெடிக்கும். அதன் பின் குளிர்காலம் முழுவதும் சுவர்களைக் கவனித்துக் குறைகளை ஒரு நோட்டில் எழுதிவருவது மட்டுமே வேலை. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் முன்னே நகர்ந்ததும், பென்சில் குறிகள் போட்ட விரிசல்களையும் பிடிக்கும் கதவுகளையும் காட்டி, நிறுத்திவைத்த தொகை மீதியிருக்கும்போதே பில்டரைக் கூப்பிடுங்கள். பூச்சைத் தேய்க்கும் அன்று வீடெங்கும் வெள்ளைத் தூசி பறக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அன்று மறுபடி ஊலிச் படகில் ஏறலாம்.