கழற்ற முடியாத கொசுவலையைச் சுத்தம் செய்யும் முறை

எங்கள் வீட்டு ஜன்னல்களில் மரச்சட்டத்தின் உட்புறம் நைலான் வலையை விரித்து, ஓரங்களில் ரீப்பர் வைத்து ஆணியடித்திருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்கினால் வலை கிழிந்துவிடும். வெளிப்பக்கம் இரும்புக் கம்பி. ஜன்னல் கொக்கியைத் திறக்க வலையில் விட்டிருக்கும் சிறு திறப்பு வழியாகக் கை மட்டும் போகும். உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதல் வேலை, தூசியை உலர்ந்த நிலையிலேயே எடுப்பது. தண்ணீர் பக்கமே போகக் கூடாது. சென்ற ஆண்டு நான் நேராக ஈரத்துணியால் துடைத்தேன். தூசி சேறாகி வலைக் கண்களுக்குள் இறங்கியது. மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு கண்ணிலும் பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டு காய்ந்து உட்கார்ந்திருந்தது. ஈரத்துணியை கால் மணி நேரம் ஒற்றிவைத்து ஊறவிட்டு, பகுதி பகுதியாக எடுக்க இரண்டு நாள் ஆனது.

உலர்ந்த தூசியை எடுக்க இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ்தான் சரி. புதிதாக வாங்குங்கள். தென்னந்துடைப்பம் வேண்டவே வேண்டாம்; ஈர்க்கு கண்ணுக்குள் நுழைந்து இழையை விலக்கிவிடும், கொசுவுக்கு அந்த இடைவெளி போதும். கீழே செய்தித்தாளை விரித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தட்டித் தட்டி இறக்குங்கள்.

அடுத்து, அரை வாளி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி. ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, ஒற்றி எடுங்கள். தேய்த்தால் வலை தொய்ந்துவிடும். கை எட்டும் இடங்களில், திறப்பு வழியாக இடது கையை விட்டு, மடித்த துண்டை வலைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைத் துண்டு தாங்கும். அழுக்கும் அதில் ஏறும். நீர் கறுத்ததும் மாற்றுங்கள். கடைசியில் வெறும் நீரில் ஒருமுறை ஒற்றி, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

சமையலறை வலையில் தாளிப்புப் பிசுக்கு தூசியைப் பிடித்து வைத்திருக்கும். பிரஷுக்கு அது அசையாது. சோப்பு நீரைப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, இரண்டு முறை ஒற்ற வேண்டும். அலுமினிய வலையில் சலவைச் சோடா பட்டால் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையிலும் பிளீச்சிங் பவுடர் வேண்டாம்; புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும்.

பின்சேர்க்கை: நகரும் அலுமினிய ஜன்னல் வைத்திருக்கும் வாசகி ஒருவர், சுத்தம் செய்த பிறகு கீழ்த் தடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று எழுதியிருந்தார். தடத்தின் வெளிப்புறம் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஈர்க்கால் குத்தி விடுங்கள். துடைப்பத்துக்கு இங்கே வேலை உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடக் கொஞ்சம் தேங்கிய நீர் போதும். அதனால் வலையை முடித்த கையோடு தடத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.