கடையைப் பூட்டிய பிறகும் ஓடவேண்டிய வேலைகள்

மதுரை கீழவாசல் பக்கம் இருக்கிறது எங்கள் கடை. பழைய விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருகிறோம். கல்யாணம், காதுகுத்து, தாய்மாமன் சீர் என்று வருவதெல்லாம் வீட்டுக்கு ஒரே பிரதியாக மிஞ்சியவை. டிஜிட்டல் வீடியோ (DV) வடிவத்தில் பதிவெடுத்தால் மணிக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். அதை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரல் கொண்டு எம்பி4 ஆகச் சுருக்குவதற்குப் பழைய கணினிக்கு ராத்திரி முழுக்கத் தேவைப்படும். அதுவரை லினக்ஸ் டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் திரை, முன்னால் யார் உட்கார்ந்திருப்பது?

கட்டளையைத் தட்டும் முன்பே ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள்: நீங்கள் எழுந்து போன பிறகும் இந்த வேலை ஓடவேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம் என்றால் விஷயம் எளிது. கட்டளையின் கடைசியில் & போட்டால் அது பின்னணிக்குப் போய்விடும். திரையில் [1] 4217 என்பது போல வரும். அடைப்புக்குள் இருப்பது அந்த ஷெல்லுக்குள் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல்) வேலையின் எண், அடுத்தது கணினி முழுவதற்குமான செயல் எண், அதாவது பிஐடி. 'ஜாப்ஸ்' என்றால் பட்டியல் வரும், 'எஃப்ஜி %1' என்றால் வேலை முன்னால் வரும். & போட மறந்திருந்தால் கன்ட்ரோல்-இசட் அழுத்துங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், கன்ட்ரோல்-இசட் வேலையை நிறுத்திவைக்க மட்டும்தான் செய்யும். 'பிஜி' என்று தட்டினால்தான் பின்னணியில் திரும்ப ஓடும்.

எஃப்எஃப்எம்பெக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. அது ஓடும்போதே விசைப்பலகையையும் பார்த்துக்கொண்டிருக்கும். க்யூ அழுத்தினால் முடித்துக்கொள்வதற்காக. பின்னணியில் இருக்கும் செயல் டெர்மினலிலிருந்து படிக்க முயன்றால் லினக்ஸ் அதை அங்கேயே நிறுத்திவிடும். 'ஜாப்ஸ்' தட்டினால் 'ஸ்டாப்டு' என்று காட்டும், கோப்பு வளராது. கட்டளையில் '< /டெவ்/நல்' (எப்போதும் காலியாக இருக்கும் கோப்பு) சேர்த்துவிட்டால் படிக்க எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு வேலையைப் பார்க்கும். கோப்புப் பெயர்களை ஒரு பட்டியலிலிருந்து வரிவரியாக எடுத்துச் சுழலும் ஸ்கிரிப்டிலும் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) இதை விடக்கூடாது. விட்டால் எஃப்எஃப்எம்பெக் அந்தப் பட்டியலையே உள்ளே இழுத்துவிடும், அடுத்த பெயர் தலையில்லாமல் வந்து நிற்கும்.

இனி, நாம் போன பிறகும் ஓடவேண்டிய வேலை. நான் திருநகர் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு மூலம் கடைக் கணினிக்குள் போவேன். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த அமர்வின் செயல்களுக்கு 'ஹேங்அப்' என்ற சமிக்ஞை போகும், அதன் எண் 1. அதைப் பெறும் செயல் பொதுவாக அதோடு முடிந்துவிடும். கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' போட்டால் அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாது. நான் எழுதும் அமைப்பு இது:

நோஹப் கட்டளை < /டெவ்/நல் > ராத்திரி.லாக் 2>&1 &

2>&1 கட்டாயம் வேண்டும், அதுவும் > குறிக்குப் பிறகுதான் வரவேண்டும். எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை எழுதுவது பிழைகளுக்கான 2-ஆம் வழியில், அதையும் அதே லாக் கோப்புக்குத் திருப்புவது இதுதான். காலையில் 'டெய்ல் -எஃப் ராத்திரி.லாக்' பார்த்தால் எங்கே நிற்கிறது என்று புரியும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதற்கு நோஹப் போட முடியாது. கன்ட்ரோல்-இசட், 'பிஜி', பிறகு 'டிஸ்ஓன் %1' என்று செய்து அதை ஷெல்லின் பட்டியலிலிருந்து கழற்றிவிடலாம்.

ஆனால் தினமும் செய்கிறவர்களுக்கு டிமக்ஸ்தான் என் சிபாரிசு. இணைப்பு அறுந்தாலும் டெர்மினலைக் கடைக் கணினியிலேயே உயிரோடு வைத்திருக்கும் நிரல் அது. டிமக்ஸுக்குள் வேலையைத் தொடங்கி, கன்ட்ரோல்-பி அழுத்தி விட்டு, டி அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். மறுபடி உள்ளே போக 'டிமக்ஸ் அட்டாச்'. விட்ட திரை அப்படியே இருக்கும். இணைப்பு அறுந்தால்தான் டிமக்ஸ் காப்பாற்றும், கரண்ட் போனால் காப்பாற்றாது. யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கவேண்டும்.

நாலு கேசட் வேலையை நாலு & போட்டு ஒன்றாக விடுவதால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். எச்.264 என்ற வீடியோ முறையில் செய்யும் சுருக்கம் ஒன்றே சிபியுவின் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். நாலையும் ஒரு ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதி, ஸ்கிரிப்டுக்கு நோஹப் போடுங்கள். பகலிலும் ஓடவேண்டியிருந்தால் முன்னால் 'நைஸ் -என் 19' சேர்த்தால் அது மற்ற வேலைகளுக்கு வழிவிடும், பில் போடும் திரை தடுமாறாது. ஓடுகிறதை மாற்ற 'ரீநைஸ்' இருக்கிறது.

நிறுத்துவதைப் பற்றி மட்டும் நான் கறாராக இருப்பேன். கடையில் இருக்கும் தம்பி போனில் கேட்பான்: "அக்கா, தப்பான கேசட்டு ஓடுதுக்கா. கில் -9 போட்டுரவா?"

"வேணாம்டா. வெறும் கில் போடு. கொஞ்ச நேரம் பொறு."

வெறும் 'கில்' அனுப்புவது 15-ஆம் சமிக்ஞை. எஃப்எஃப்எம்பெக் அதைக் கேட்டுக்கொண்டு, கோப்பை ஒழுங்காக மூடிவிட்டுப் போகும். எம்பி4 கோப்பின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. 9-ஐ எந்தச் செயலாலும் தடுக்க முடியாது, எனவே அட்டவணை எழுத நேரமே கிடைக்காது. பல மணி நேரம் ஓடிய கோப்பு வட்டில் பெரிதாகக் கிடக்கும், எந்தப் பிளேயரிலும் திறக்காது. 15-க்கு அசையவே இல்லை என்றால்தான் 9. எண் தெரியாவிட்டால் 'பிகிரெப் -ஏ எஃப்எஃப்எம்பெக்' தட்டுங்கள், முழுக் கட்டளையோடு காட்டும். பார்த்துவிட்டுத்தான் கில் போடவேண்டும்.

கொல்லாமலே நிறுத்திவைக்கவும் வழி உண்டு. சுருக்கம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு வாடிக்கையாளர் கேசட்டோடு வந்து நின்றால், பதிவில் பிரேம்கள் விடுபடக்கூடாது. 'கில் -ஸ்டாப்' பிஐடியோடு கொடுத்தால் சுருக்கம் உறைந்து நிற்கும், எடுத்த நினைவகம் அப்படியே இருக்கும், சிபியு காலியாகும். பதிவு முடிந்ததும் அதே எண்ணுக்கு 'கில் -கான்ட்'. விட்ட பிரேமிலிருந்து தொடரும்.