பங்குத் தொகை கட்டும் முன் வெளியேறும் விதியைப் படியுங்கள்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் வாடகை கையைக் கடிக்கும்போது, கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் (குடியிருப்பவர்களே பங்கு போட்டு நடத்தும் வீடுகள்) சேரச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஊர்ச் சங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே பாதி வேலையை அதிகாரிகள் பார்ப்பார்கள். இங்கே பெரும்பாலும் உறுப்பினர்களே நிர்வாகம், கணக்கு, சில இடங்களில் படிக்கட்டு கூட்டுவதும்.

செலவு குறையக் காரணம் இரண்டு. லாபம் எடுக்க வெளியாள் இல்லை. வாஷிங் மெஷின் போல பெரும்பாலும் சும்மா கிடக்கும் பொருளை வீட்டுக்கு ஒன்று வாங்காமல் பொதுவில் வைத்துக்கொள்வார்கள். 12 வீடுகள், வீட்டுக்கு வாரம் 3 முறை துவைப்பு, ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 54 மணி நேரம். வாரம் முழுக்கப் பிரித்துக்கொண்டால் 2 வாஷிங் மெஷின் தாராளம். எல்லோரும் சனி, ஞாயிறு பகலில்தான் துவைப்பேன் என்றால் 3 வாங்க வேண்டும். யார் எப்போது துவைப்பது என்ற முறைப்பட்டியலை மதிக்காத சங்கத்தில் மிச்சமும் இருக்காது.

சேர்வது எளிது: விண்ணப்பம், அடையாளச் சான்று, வருமானச் சான்று, பிறகு காத்திருப்போர் பட்டியல். வந்த வாரமே பெயர் கொடுங்கள். போன் நம்பர் மாறினால் உடனே தெரிவியுங்கள். அழைத்துக் கிடைக்காதவர் பெயரை அடித்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்கள்.

பணம் மாட்டிக்கொள்ளும் இடம் இனிமேல்தான். சேரும்போது கட்டும் பணம் ரசீதில் ஒரே தொகையாக இருந்தால் அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சேர்க்கைக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. பங்குத் தொகை, அதாவது உறுப்பினராகச் சங்கத்தில் நீங்கள் போடும் முதல், திரும்பும், ஆனால் வாடகை அட்வான்ஸ் போல சாவியைக் கொடுத்த அன்றே அல்ல. பல சங்கங்களில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, ஆண்டுக் கணக்கு முடிந்து, நிர்வாகக் குழு ஒப்புக்கொண்ட பிறகே வரும். பாக்கியும் சேதமும் கழித்துக்கொள்வார்கள். லாப நோக்கில்லாத சங்கமானால், வீட்டு விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் பெரும்பாலும் கட்டிய தொகைதான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், காப்பு நிதி, அதாவது பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்து வைக்கும் பணம். மாதக் கட்டணம் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவா? கூரை, லிஃப்ட், பாய்லர் பழுதுக்கு ஒதுக்காமல் குறைத்திருக்கலாம். அப்படிப்பட்ட சங்கத்தில் கையிருப்பு இருக்காது. புது உறுப்பினர் வந்து பணம் கட்டினால்தான் போகிறவருக்குக் கொடுக்க முடியும். வேலை மாறி வேறு நகரம் போகிறவர் அங்கே அட்வான்ஸ் கட்டப் பணமில்லாமல் நிற்பார். பங்குக்கென்று கடன் வாங்கியிருந்தால் அதுவரை வட்டியும் ஓடும். குழுவுக்குத் தெரியாமல் நண்பருக்குப் பங்கைக் கைமாற்றி விடலாம் என்ற குறுக்குவழி வேண்டாம். ஒப்புதல் இல்லாமல் அவர் உறுப்பினர் ஆக மாட்டார், உங்கள் பொறுப்பும் தீராது.

ஆகவே கையெழுத்துக்கு முன் சங்கத்தின் துணை விதிகளில் வெளியேறும் பகுதியையும், கடைசி ஆண்டறிக்கையில் காப்பு நிதியையும் பாருங்கள். கடைசியாக வெளியேறியவருக்குப் பணம் எத்தனை மாதத்தில் கிடைத்தது என்று குழுவிடமே கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

  

ஒவ்வொரு உறுப்பினரும் இத்தனை மணி நேரம் சங்க வேலை செய்ய வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் சங்கமானால், ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிறு தோட்டவேலைக்குப் பதில் கணக்கெழுதும் வேலை கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.